உப்புக்காற்றிலிருந்து பனிச்சறுக்குக்கு: மாணவருக்கான வார இறுதிப் பயண வழிகாட்டி

பாம்பனிலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ ஜெர்மனியின் ம்யூனிக்கிற்குப் படிக்கச் சென்று, பனியை முதன்முறையாகக் காணும் நம் ஊர்ப் பிள்ளைகள், ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஆல்ப்ஸ் மலையின் பனிச்சறுக்கு ஊரான கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனை அடைந்துவிடலாம். சறுக்குக் கட்டைகள், காலணி, தலைக்கவசம் ஆகியவை அங்கேயே வாடகைக்குக் கிடைப்பதால் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம்.

காலணியைத் தேர்வதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு மெல்லிய, நீளமான காலுறையுடன் அதை அணிந்து நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்புறத்தை இலேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடக்கி முன்சாய்ந்தால் விரல்கள் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் மேலெழும்பினால் கூச்சப்படாமல் வேறு அளவைக் கேட்டு வாங்குங்கள்.

ஜீன்ஸ் ஈரத்தை உறிஞ்சி உடலைக் குளிர்விக்கும் என்பதால் நீர்புகாத கால்சட்டையே ஏற்றது. வாலிநோக்கம் உப்பளத்தில் நண்பகலில் கண் கூசுவதை அறிந்தவர்கள், பனியும் அவ்வாறே வெயிலைத் திருப்பியடிக்கும் என்பதை நினைவிற்கொண்டு, குளிராக இருக்கிறதே என்று கண்ணாடியையும் சன்ஸ்கிரீனையும் விட்டுவிடக் கூடாது.

முதல் நாளைப் பயிற்றுநரிடம் செலவிடுவதே என் உறுதியான பரிந்துரை. கட்டைகளின் முன்நுனிகளை நெருக்கி, பின்பகுதியை அகட்டி, உள்விளிம்புகளால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். இது கைவரும்வரை, நண்பர்கள் எவ்வளவு அழைத்தாலும், நீலக் குறியிட்ட எளிய தடங்களை விட்டு நகராதீர்கள். சிவப்பு நடுத்தரமானது, கறுப்பு கடினமானது. முன்னால் செல்பவருக்கே வழியுரிமை உண்டு.

மலைமீட்புச் செலவு உங்கள் காப்பீட்டில் அடங்குமா என்பதைப் புறப்படும் முன்பே கேட்டறியுங்கள். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 112.