அண்ணன் அனுப்பிய பணமும் சாமிதோப்புப் பதியின் கண்ணாடியும்

கணவர் தவறிய பிறகு, துபாயில் இருக்கும் அண்ணன் அனுப்பிய பணத்தில்தான் ஆறு வருடம் எங்கள் வீடு ஓடியது. அண்ணன் நல்ல மனுஷன்தான். ஆனால் போனில் அண்ணன் குரல் லேசாக மாறினால் அன்று எனக்குச் சோறு இறங்காது. பையனுக்குச் செருப்பு வாங்கவும் மைனியிடம், அதாவது அண்ணன் மனைவியிடம், ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும்.

ஒரு ஞாயிறு சாமிதோப்புப் பதிக்கு, அய்யா வைகுண்டரின் கோயிலுக்குப் போனேன். அங்கே சிலை கிடையாது, கண்ணாடிதான். அதன் முன்னால் நின்று, “அண்ணனுக்குக் கோபம் வரக் கூடாது அய்யா” என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் இருந்தது என் முகம். வேண்டுதலில் நான் இல்லவே இல்லை. வெட்கமாகிவிட்டது.

அடுத்த வாரமே பக்கத்து வீட்டு அக்காவோடு விடியுமுன் தோவாளைப் பூச்சந்தைக்குப் போய், பிச்சி வாங்கி வந்து சரம் கட்ட ஆரம்பித்தேன். நார் அறுத்து விரல் எரியும். முகூர்த்தம் இல்லாத நாளில் கையைக் கடிக்கும். இருந்தாலும் தபால் நிலையத்தில் ஐந்து வருட ஆர்.டி. சேமிப்பு தொடங்கினேன். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். நான் 300 போட்டேன்.

அப்புறம் அண்ணனிடம், “இனி பாதி அனுப்பினால் போதும்” என்றேன். இரண்டு வாரம் போன் வரவில்லை. பணம் குறைந்ததைவிட அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் பெரும்பாடு. நானாகக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லாமல் இருக்கப் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு போன் வந்தது. “கொல்லைப் பலாவில் சக்கை பழுத்துதா?” என்று கேட்டான்.