லின்ஸ்லி ஹுட் ஆம்ப்ளிஃபையரில் அவுட்புட் ஜோடியை மாற்றுவது

ஜான் லின்ஸ்லி ஹுட் 1969 ஏப்ரலில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் கொடுத்த 10 வாட் கிளாஸ்-ஏ (பாட்டு இல்லாதபோதும் முழுக் கரண்ட் ஓடும் வகை) ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட்டில் சேனலுக்கு நாலே டிரான்சிஸ்டர்தான். அதில் ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி இரண்டுதான் அவுட்புட் ஜோடி. நான் அந்த ஜோடிக்கு 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டுக் கட்டி ஆறு வருடம் கேட்டேன். போன மாதம் அதை 2எஸ்சி5200 டிரான்சிஸ்டருக்கு மாற்றினேன். நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயியில் இருந்த கரகரப்பு போய்விட்டது.

காரணம் இதுதான். 2என்3055-இன் கெயின் (உள்ளே விடும் சிறு கரண்டை எத்தனை மடங்காக்குகிறது என்பது), கரண்ட் ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். சத்தம் சிதைவது அதனால்தான். 2எஸ்சி5200-இல் சில ஆம்பியர் வரை கெயின் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும்.

ஆனால் வாங்கியதை அப்படியே மாட்டாதீர்கள், கெயின் நெருங்கியவற்றை ஜோடி சேருங்கள். மல்டிமீட்டரில் இருக்கும் கெயின் சாக்கெட் இதற்கு உதவாது. அது மிகச் சிறிய கரண்டில் அளக்கிறது, நம் டிரான்சிஸ்டரோ 1.2 ஆம்பியரில் வேலை செய்யப்போகிறது. 5 வோல்ட், 2 ஆம்பியர் போன் சார்ஜர் ஒன்றை எடுங்கள். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் எமிட்டர் மைனஸில். பேஸுக்கு 430 ஓம் வழியாக பிளஸ்; அதில் சுமார் 10 மில்லி ஆம்பியர் போகும். கலெக்டருக்கும் பிளஸுக்கும் நடுவே 10 ஆம்பியர் ரேஞ்சில் மீட்டர். 1.1 ஆம்பியர் காட்டினால் கெயின் 110. டிரான்சிஸ்டர் சூடானால் எண் ஏறும் என்பதால், ஒரு அலுமினியத் துண்டில் இறுக்கிவைத்து எல்லாவற்றையும் மூன்றாவது நொடியில் படியுங்கள். நான் எட்டு வாங்கினேன். 104, 106 ஒரு ஜோடி, 117, 118 இன்னொன்று.

ஹீட் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தட்டில்) புது ஓட்டை போட வேண்டும். போட்டதும் ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு, டிரான்சிஸ்டருக்கும் சிங்குக்கும் நடுவே மின்சாரம் தாண்டாமல் வைத்திருந்த என் மைகாத் தகட்டைக் குத்தி, 27 வோல்ட் சப்ளையை சேசிஸில் சேர்த்து ஃபியூஸைப் போக்கியது. பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றினால் பிசிறு போய்விடும். அப்புறம் மைகா, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் மெல்லிதாக, கலெக்டருக்கும் சிங்குக்கும் நடுவே தொடர்பு இல்லையா என்று ஓம் சோதனை. ஒவ்வொன்றும் 16 வாட் சூட்டைத் தள்ளும், சேனலுக்கு 32. நம் ஊர் மே மாதத்துக்கு, வாட்டுக்கு 0.6 டிகிரிக்கு மேல் ஏறாத சிங்க் வேண்டும்.

இவை வேகமான டிரான்சிஸ்டர்கள், ஆஸிலேட் ஆகலாம், அதாவது உள்ளே சிக்னல் இல்லாமலே தானாக அலைபாயலாம். அதைத் தடுக்க: பேஸ் காலை ஒட்டியே 4.7 ஓம், அவுட்புட்டில் 10 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக கிரவுண்டுக்கு.

கெயின் கூடினால் பயஸ் கரண்டும் (பாட்டு இல்லாதபோது ஓடும் கரண்ட்) கூடும். அதனால் கரண்ட் பிரீசெட்டை (திருகிச் சரிசெய்யும் ரெசிஸ்டர்) அதிகபட்ச ஓமில் வைத்து, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டர் மாட்டி ஆரம்பியுங்கள். சப்ளை லைனில் 0.1 ஓம் போட்டால் அதன் இரு முனைகளுக்கு நடுவே 120 மில்லி வோல்ட் என்பது 1.2 ஆம்பியர். இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் சேரும் நடுப்புள்ளி 13.5 வோல்ட் இருக்க வேண்டும். அரை மணி நேரம் சூடேறட்டும், இரண்டையும் மறுபடி சரிசெய்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டுங்கள்.