முதலில் மேகசின், அப்புறம் ஸ்லைடு

பிஸ்டலைக் காலி செய்யும்போது முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை, கழற்றுங்கள், அப்புறம்தான் ஸ்லைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்க வேண்டும். வரிசை மாறினால் சேம்பரில் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறையில்) இருந்த தோட்டா வெளியே விழும், ஆனால் ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். விழுந்த தோட்டாவைப் பார்த்து, காலி என்று நம்பித்தான் பலர் டிரிக்கரை அழுத்துகிறார்கள். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பருக்குள் சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் கண் ஏமாற்றும். குழல் கடைசிவரை ஆளில்லாத பக்கமே இருக்கட்டும்.

பெங்களூரில் தேர்தல் நேரத்தில் லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிற்கும் ஸ்டேஷன் மேஜை அதற்கான இடமல்ல.

ரிவால்வருக்கு இந்த மேகசின், ஸ்லைடு வரிசை பொருந்தாது. தோட்டாக்கள் இருக்கும் சுழல் சிலிண்டரைத் திறந்து எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். வங்கிக் காவலர்களின் இரட்டைக் குழல் துப்பாக்கி என்றால் மடக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.