மேசனிடம் மூன்று நாட்கணக்கு கேளுங்கள்
"எத்தனை நாளில முடியும்?" என்று ஒரு கணக்கோடு விடாதீர்கள். மூன்று கேளுங்கள்: எல்லாம் சரிவந்தால், வழமையாக, எல்லாம் பிழைத்தால். வழமைக் கணக்கை 4ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6ஆல் வகுத்துவிடுங்கள். திருகோணமலை உப்புவெளியில் ஒரு சுற்றுமதிலுக்கு 8, 11, 26 நாள் என்றால் விடை 13. வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டியது 16. 26க்கும் 8க்கும் உள்ள வித்தியாசத்தில் ஆறிலொரு பங்கு, அதாவது 3 நாள், 13உடன் கூட்டிய கையிருப்பு.

ஒரே கணக்குக் கேட்டால் ஆட்கள் நல்ல நாளை நினைத்துத்தான் சொல்வார்கள். வேலை முந்துவதற்கு ஓர் எல்லை உண்டு, பிந்துவதற்கு இல்லை. அந்தச் சாய்வை இந்தச் சூத்திரம் பிடிக்கிறது. (1958இல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குச் செய்தது. மதிலுக்கும் பொருந்தும்.)

செலவில் நாட்கூலியையும் மிக்சர் வாடகையையும் மட்டும் 13ஆல் பெருக்குங்கள். கல், சீமெந்து, கம்பி எல்லாம் அளவெடுத்துப் போடவேண்டியவை.

முழுக் கொந்தராத்துக்குக் கொடுத்த வேலையில் கூலிக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. நவம்பர், டிசம்பரில் தொடங்குவதென்றால் திருகோணமலையில் மழைதான் வழமை. வழமைக் கணக்கையே திரும்பக் கேட்கவேண்டும்.