மலை ஓடைத் தண்ணீருக்கு ஃபில்டர் மட்டும் போதாது

ட்ரெக்கிங் போகிறவர்களுக்கென்று விற்கும் கையடக்க ஃபில்டரில் பெரும்பாலும் இருப்பது நுண்குழாய்க் கட்டு. வைக்கோல் கட்டைப் போல அடுக்கிய மெல்லிய குழாய்களின் சுவரில் 0.1 மைக்ரான் அளவில் துளைகள் இருக்கும். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் சில மைக்ரான் பருமன் என்பதால் உள்ளே போகாது. பேதி உண்டாக்கும் பாக்டீரியாவும் மாட்டிக்கொள்ளும். வைரஸ் மட்டும் தாராளமாகப் புகுந்து வெளியே வந்துவிடும்: ரோட்டா வைரஸ் சுமார் 0.07 மைக்ரான், மஞ்சள் காமாலை தரும் ஹெபடைட்டிஸ் ஏ அதில் பாதிகூட இல்லை.

ஆள் நடமாட்டம் குறைந்த அமெரிக்கக் காட்டுப் பாதைகளில் பலர் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீடியோ பார்த்துவிட்டு அதையே வெள்ளியங்கிரியிலும் சதுரகிரியிலும் செய்வது சரிவராது. கூட்டம் ஏறும் மலையில், மேலே யார் எங்கே ஒதுங்கினார்கள் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. வைரஸுக்குக் குளோரின் வேண்டும். குளோரின் மட்டும் போதுமா என்றால், கிரிப்டோஸ்போரிடியம் அதற்கு அசையாது. அதனால் இரண்டும் தேவை: முதலில் ஃபில்டர், பிறகு குளோரின் மாத்திரை.

தண்ணீர் எடுக்கும் இடம் பாதைக்கு மேற்புறம் இருக்கட்டும். தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையைத் தொடவே வேண்டாம். பூச்சிமருந்தையும் உரத்தையும் நுண்குழாய் ஃபில்டர் பிடிக்காது, குளோரின் முறிக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. தோட்டத்துக்கு மேலே ஏறி எடுங்கள், இல்லையென்றால் கீழிருந்தே சுமந்து போங்கள்.

மழைக்குப் பின் வரும் செந்நிறக் கலங்கலை நேராக ஃபில்டரில் விட்டால் இரண்டு மூன்று லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளலாம். பழைய நூல் புடவைத் துணியை நான்காக மடித்து வடிகட்டிக்கொள்ளுங்கள். புதுத் துணியைவிடத் துவைத்துத் துவைத்து நைந்ததுதான் நல்லது, இழை பிரிந்து துளை சிறுத்திருக்கும். வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் இப்படிப் புடவையில் வடிகட்டிக் குடித்தபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு சொன்னது. பாதிதான் குறைந்தது என்பதையும் கவனியுங்கள். துணி முதல் படி மட்டுமே. துணிக்கும் அடங்காத கலங்கல் என்றால் லிட்டருக்கு ஒரு சிட்டிகைக்கும் குறைவாகப் படிகாரத் தூள் போட்டு, நன்றாகக் கலக்கி, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தேற்றாங்கொட்டையைப் பானையில் தேய்த்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டு, அடியில் இரண்டு விரல்கடைத் தண்ணீரை விட்டுவிடுங்கள்.

ஃபில்டரோடு வரும் பையை மெல்லிய ஓடையில் முக்கினால் தட்டையாக ஒட்டிக்கொண்டு நிரம்பாது. பெட் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டிக் கொண்டுபோய் மொண்டு ஊற்றுங்கள். ஃபில்டரைத் திருகும்போது உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது கழன்று விழுந்திருந்தால் அழுக்குத் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து, சுத்தமான பாட்டிலுக்குள்ளேயே சொட்டும். பையை மேலிருந்து கீழாகச் சீராக அழுத்துங்கள். ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினால் பை கழுத்தோரம் கிழியும். அழுக்குப் பைக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள், களைப்பில் மாற்றி எடுத்துவிடுவது சகஜம்.

குளோரின் மாத்திரை வாங்கும்போது உறையில் எத்தனை லிட்டருக்கு என்று பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு 20 லிட்டருக்கான மாத்திரைகளும் உண்டு. அதை உடைத்துக் கணக்குப் போடுவது நடக்காத காரியம். ஒரு லிட்டருக்கானதைக் கேட்டு வாங்குங்கள். வடிகட்டிய தண்ணீரில் மாத்திரையைப் போட்டு மூடி, கரைந்ததும் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாட்டிலைச் சாயுங்கள். திருகுமரை நனைய வேண்டும். உங்கள் உதடு படுவது அங்கேதான், பழைய தண்ணீர் ஒட்டியிருப்பதும் அங்கேதான். பிறகு 30 நிமிடம். தண்ணீர் கைக்குச் சில்லென்றிருந்தால் ஒரு மணி நேரம். எலுமிச்சையோ குளுக்கோஸ் பொடியோ அந்த நேரம் முடிந்த பிறகுதான். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி குளோரினை முறித்துவிடும். முன்னாலேயே பிழிந்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும், பின்னால் பிழிந்தால் வாடை போய்விடும்.

அடுப்பு இருந்தால் இந்த இரண்டும் வேண்டாம். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதற்காகத்தான் கூடுதல் நேரம். புற ஊதா விளக்குக் கருவி வைரஸையும் கொல்லும், ஆனால் தண்ணீர் தெளிந்திருக்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் வெறும் குச்சி.

ஃபில்டரில் வேகம் குறைந்தால் அழுத்தத்தைக் கூட்டாதீர்கள். கூட வந்த சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை இழுத்து, வெளிவாய் வழியாக எதிர்த்திசையில் வேகமாகச் செலுத்துங்கள். வெளியே வரும் தண்ணீர் பழுப்பிலிருந்து தெளியும்வரை நான்கைந்து முறை. போர்வெல் உப்பு படிந்து அடைத்திருந்தால் வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள்.

இமயமலைப் பக்கம் போகிறவர்கள் நனைந்த ஃபில்டரை இரவில் வெளியே விடக்கூடாது. உள்ளே நிற்கும் ஈரம் உறைந்தால் குழாய்கள் வெடித்துவிடும், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. தண்ணீரும் வழக்கம்போல, ஏன் முன்னைவிட வேகமாகவே வரும். அந்த வேகம்தான் சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. பிளாஸ்டிக் உறையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். பாறையில் விழுந்தாலும் இதே கதை. சந்தேகம் இருந்தால் ஃபில்டரை முழுக்க நனைத்து அழுக்குப் பக்கத்திலிருந்து ஊதிப் பாருங்கள். நனைந்த துளை வழியே வாயால் ஊதும் காற்று போகாது. குமிழி தொடர்ந்து வந்தால் ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள்.

வீடு திரும்பியதும் நன்றாக எதிர்த்திசையில் அலசி, ஓரிரு சொட்டு வாசனையில்லாத பிளீச் கலந்த தண்ணீரைச் செலுத்தி, நிழலில் நாள்கணக்கில் காயவிட்டு எடுத்து வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது காய்ந்து இறுகித் தண்ணீரே வராது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் திறந்துகொள்ளும். அதை மலையடிவாரத்தில் அல்ல, கிளம்பும் முதல் நாள் இரவே செய்துவிடுங்கள்.