டிஸ்க் ஆபரேஷன் காலுக்குத்தான், முதுகுக்கு அல்ல

"முதுகு வலிக்கிறது, டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் செய்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?" இந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு தவறு இருக்கிறது. டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை. அதில் பிதுங்கிய பகுதியை அகற்றுவது நரம்பின் மேல் உள்ள அழுத்தத்தை எடுப்பதற்காக. இடுப்புப் பகுதியில் நரம்பு நசுங்கினால் வலி காலில்தான் இறங்கும். பிட்டத்தில் தொடங்கி, தொடை வழியாக, முழங்காலுக்குக் கீழே பாதம் வரை சுளீரென்று போகும். சயாட்டிகா என்கிறோமே, அது. அந்த வலிக்கு ஆபரேஷன் நன்றாகவே கைகொடுக்கும். முதுகு மட்டும் வலிப்பவருக்கு அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. வலி பெரும்பாலும் காலிலா, முதுகிலா என்று டாக்டரிடம் போவதற்கு முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி முடிவு அதில்தான் இருக்கிறது.

அடுத்த தவறு, ஸ்கேன் படத்துக்கு வைத்தியம் பார்ப்பது. எம்ஆர்ஐ அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' என்று பார்த்ததும் பலருக்கு அன்றைய தூக்கம் போய்விடும். ஆனால் வலியே இல்லாதவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் இதே வரிகள் வரும். 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் முதுகுவலி இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஆகவே படமும் உடம்பும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடையில் உள்ள எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கினால் வழக்கமாகப் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும், கட்டைவிரலைத் தூக்குவது சிரமமாகும். அதற்குக் கீழே, இடுப்பின் கடைசி எலும்புக்கும் திருகெலும்புக்கும் இடையில் உள்ள எல்5–எஸ்1 என்றால் பாதத்தின் வெளி ஓரம் மரக்கும், நுனிக்காலில் நிற்க வராது. படம் இடது பக்கம் என்று சொல்லி, வலி வலது காலில் இருந்தால் அந்தப் படத்தை நம்பிக் கத்தி வைக்கக் கூடாது.

சரி, படமும் வலியும் பொருந்துகின்றன. உடனே ஆபரேஷனா? பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தானாகவே குறைந்துவிடுகிறது. பிதுங்கி வெளியே வந்த பகுதியை உடம்பே மெல்லக் கரைக்கிறது. விசித்திரம் என்னவென்றால், லேசாகப் புடைத்த டிஸ்க்கை விட முழுதாக உடைந்து விழுந்த துண்டு கரைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அறிக்கையில் 'பெரியது' என்றிருந்தாலே ஆபரேஷன்தான் என்று முடிவுகட்டத் தேவையில்லை.

2007-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று இந்த விஷயத்தைத் தெளிவாக்கியது. 6 முதல் 12 வாரங்களாகக் கடும் கால்வலியோடு இருந்த 283 பேரில் ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றவர்களுக்கு மருந்தும் பொறுமையும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். முதல் பிரிவில் சுமார் 4 வாரங்களில் குணம் தெரிந்தது, மற்றதில் சுமார் 12 வாரங்கள் ஆயின. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். என் பார்வையில் இது பெரும்பாலும் வேகத்தைப் பற்றிய முடிவு. வலியோடு இன்னும் இரண்டு மாதம் தள்ள முடியுமா என்பது உங்கள் வேலை, தூக்கம், பொறுமை எல்லாவற்றையும் பொறுத்தது. "இப்போதே செய்யாவிட்டால் முடங்கிவிடுவீர்கள்" என்று யாராவது பயமுறுத்தினால், கால் பலவீனம் எதுவும் இல்லாத நிலையில், இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேளுங்கள். முதல்முறை வரும் சாதாரணப் பிதுக்கத்துக்கு ஸ்குரூ போட்டு எலும்புகளை இணைக்க வேண்டும் என்று சொன்னாலும் அப்படியே. பொதுவாகச் சிறு கீறலில் துண்டை எடுக்கும் மைக்ரோடிஸ்கெக்டமியே போதும்.

பொறுத்திருக்கவே கூடாத நிலை ஒன்று உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரு கால்களும் சேர்ந்து பலம் இழப்பது. இதில் எது வந்தாலும் அந்த மணி நேரமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. இன்னொரு நிலையை வலியின் வேடத்தால் பலர் தவறவிடுகிறார்கள். வலி திடீரெனக் குறைந்திருக்கும், ஆனால் பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தட்டும். 'வலி விட்டுவிட்டது' என்று சந்தோஷப்பட வேண்டாம். நரம்பு சோர்ந்துபோகிறது என்பதற்கும் அது அடையாளமாக இருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன் ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை எடுக்கிறீர்களா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். புகைபிடித்தால் நிறுத்துங்கள், புகை, டிஸ்க்குக்கும் காயம் ஆறுவதற்கும் கெடுதல்.

அப்புறம் ஆபரேஷன் முடிந்த நாள். கண் விழித்ததும் கால்வலி காணாமல் போயிருக்கலாம். அங்குதான் ஆபத்து. வலி போன அளவுக்கு டிஸ்க்கின் சுவர் ஆறவில்லை. துண்டை எடுத்த இடத்தில் டிஸ்க்கின் வெளி ஓட்டில் இன்னும் ஓட்டை இருக்கிறது. நூற்றுக்கு 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்குகிறது. முதல் சில வாரங்கள் குனிந்து தூக்குவது, இடுப்பைத் திருப்புவது, மணிக்கணக்கில் உட்காருவது எல்லாம் வேண்டாம். அதே சமயம், பயந்து படுக்கையிலேயே கிடப்பதும் தப்புதான். அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்வார்கள். சின்னச் சின்ன நடை, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். வலி மாத்திரை மலச்சிக்கல் தரும். முக்கும்போது முதுகு சொல்லிவிடும். தண்ணீரும் நார்ச்சத்தும் மறக்காதீர்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் காலில் மீண்டும் சுருக்கென்றால் பலர் 'ஆபரேஷன் தோல்வி' என்று இடிந்துபோகிறார்கள். நசுங்கியிருந்த நரம்பு ஆறும்போது இப்படிக் கிளறுவது சகஜம். பெரும்பாலும் முதலில் வலி போகும், பிறகு பலம் வரும், மரப்புதான் கடைசி. அதற்கு மாதங்கள் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவும் தங்கிவிடும். ஆனால் காய்ச்சல், தையலில் கசிவு, எழுந்து நின்றால் மட்டும் வரும் கடும் தலைவலி, கெண்டைக்கால் வீக்கம், புதிதாக வரும் பலவீனம், சிறுநீர்க் கோளாறு என்று எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திராமல் போன் செய்யுங்கள்.

வேலைக்குத் திரும்புவதில் மற்றவரோடு ஒப்பிடாதீர்கள். நாற்காலி வேலை என்றால் இரண்டு முதல் நான்கு வாரங்கள், சுமை தூக்குபவருக்கு மூன்று மாதம் வரைகூட ஆகலாம். முதல் வாரங்களில் அரை நாள் வேலை கேட்டுப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்க அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வேலையில் மூழ்கினால் நேரம் போவதே தெரியாது.