சார்புசார் நிரலாக்க நிகழ்வை நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இளைஞர்கள் தாங்களாகவே கூடி நிரலாக்க நிகழ்வுகளை நடத்த முன்வருவது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் சார்புசார் நிரலாக்கத்துக்கென, அதாவது மூலத் தரவை மாற்றாமல் சார்புகளை இணைத்து நிரல் எழுதும் முறைக்கென, ஒரு நாளை ஒதுக்கும் புதிய குழுக்கள், முன்னர் நாங்கள் இடறிய அதே இடங்களிலேயே இடறுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை. மண்டபத்தை முற்பதிவு செய்ய மறப்பது, ஒலிவாங்கியைச் சோதிக்காமல் விடுவது போன்றவற்றை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறுவலை நிகழ்வு நாளுக்கு ஒத்திவைத்தல்

கல்லடியில் நடந்த ஒரு நிகழ்வை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. பேச்சாளர் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்திருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது. காலை அமர்வின் முதல் வேலையாக, எல்லோரும் தத்தமது மடிக்கணினியில் ஹாஸ்கெல் என்னும் சார்புசார் நிரலாக்க மொழியை நிறுவிக்கொள்ளுமாறு அறிவித்தார்கள். ஒரேயொரு வைஃபை இணைப்பில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கத் தொடங்கினார்கள். மதிய உணவு வந்தபோதும் பெரும்பாலானோரின் திரையில் பதிவிறக்கம் முடிந்திருக்கவில்லை. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் ஒரு மாணவி, இரண்டாவது தடவையும் பிழைச்செய்தி வந்ததும் கணினியை மூடிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் கூட்டம் எதிலும் அவரைக் காணவில்லை.

இந்தத் தவறு இவ்வளவு விலை கேட்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் ஹாஸ்கெலை நிறுவும்போது நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி மட்டும் இறங்குவதில்லை; நூலகங்களை இறக்கித் தரும் கபால் என்னும் பொதி மேலாளரும், எம்சிஸ்2 என்னும் துணைச் சூழலும் சேர்ந்தே இறங்குகின்றன. எல்லாம் முடியும்போது பல கிகாபைட் இடம் போயிருக்கும். முதல் பயிற்சியே பிறர் எழுதிய வெளி நிரல் நூலகம் ஒன்றைக் கேட்டால், அந்த நூலகமும் அது சார்ந்திருக்கும் மற்ற நூலகங்களும் ஒவ்வொருவரின் கணினியிலும் தனித்தனியே தொகுக்கப்பட வேண்டும். நான்கு கிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினியில் நிரலைத் தட்டச்சிடும் தொகுத்திக்கான மொழி உதவிச் சேவையையும் இயக்கினால் கணினி நகரவே மறுக்கும். பயனர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் கோப்புப் பாதையிலும் சிக்கல் எழலாம். இவற்றில் ஒன்றுக்கும் சார்புசார் நிரலாக்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் புதிதாக வந்தவர் அதை அறியமாட்டார். இந்தத் துறையே தனக்கு எட்டாது என்று முடிவுசெய்துகொண்டு வீடு திரும்புவார். நான் கோபப்படுவது அதற்காகத்தான்.

ஆகவே, முதல் அரைமணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் தாமே எழுதிய ஒரு சார்பை இயக்கி விடையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, மொழியையும் கருவிகளையும் அதற்கேற்பத் தெரிவுசெய்யுங்கள். ராக்கெட் மொழி இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் நிறுவல் கோப்பிலேயே டாக்டர் ராக்கெட் என்னும் தொகுத்தியும் தொடக்கநிலை மாணவர்களுக்கென வடிவமைத்த எளிய மொழிகளும் அடங்கியிருக்கின்றன. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் இணையமே தேவைப்படாது. உயர்தர மாணவர்களே பெரும்பாலும் வருவார்கள் என்றால், அவர்கள் ஏற்கெனவே அறிந்த பைதானில் மேப் (மாற்றல்), ஃபில்டர் (வடிகட்டல்), ரெடியூஸ் (மடித்தல்) ஆகிய மூன்றையும் கொண்டு தொடங்குவதில் எந்தக் குறைவும் இல்லை. ஹாஸ்கெல்தான் வேண்டுமென்றால், தொகுப்பியோடு வரும் அடிப்படை நூலகத்துக்குள்ளேயே எல்லாப் பயிற்சிகளையும் அமைத்து, முந்தைய வாரம் ஒரு மாலைப்பொழுதை நிறுவலுக்கென்றே ஒதுக்கி, அதன்பின்னும் நிறுவ முடியாதவர்களை நிறுவியவர்களோடு இருவருக்கொரு கணினியாக அமர்த்துங்கள். குழுவிலுள்ள மிகப் பழைய கணினியை எடுத்து, இணையத்தைத் துண்டித்து, பயிற்சித்தாளைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் செய்து பார்த்திருக்காத நிகழ்வுக்கு அழைப்பிதழ் அனுப்பாதீர்கள்.

மொனாட்

ஹாஸ்கெலில் செயல்களைத் தொடராக இணைக்கும் இந்த அருவக் கருத்து முதல் நாளில் வேண்டாம்.

ஃபிபொனாச்சியோடு நின்றுவிடும் உதாரணங்கள்

காரணியப் பெருக்கமும் ஃபிபொனாச்சி எண்வரிசையும் மீள்சுழற்சியை, அதாவது ஒரு சார்பு தன்னையே மீண்டும் அழைப்பதை, காட்டும். இவ்வகை நிரலாக்கம் எதற்கு உதவும் என்பதைக் காட்டமாட்டா. ஒரு நாளில் கரைக்கு வந்த மீன்களின் பட்டியலைக் கொடுத்து, குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்டவற்றை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றையும் அதன் விலையாக மாற்றி, இறுதியில் மொத்தத் தொகையாக மடிக்கச் சொல்லுங்கள். மூலப் பட்டியல் கடைசிவரை மாறாமல் இருப்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். பட்டியலையே திருத்தி எழுதும் வழக்கமான நிரலை அருகில் வைத்துக் காட்டினால் வேறுபாடு இன்னும் தெளிவாகும்.

நடைமுறைப் பயன் பற்றிய கேள்வியும் வரும், வரவேண்டும். வாட்ஸ்அப்பின் சேவையகங்கள், எரிக்சன் நிறுவனத்தில் 1986இல் தொடங்கப்பட்ட எர்லாங் என்னும் சார்புசார் மொழியில் கட்டப்பட்டவை. எக்செல் சூத்திரங்களை எழுதிய எவரும் சார்புசார் நிரலாக்கத்தின் வாசலைத் தாண்டியவரே. 2020இல் எக்செலுக்குள், சூத்திரத்தையே ஒரு சார்பாக்க உதவும் லாம்டா வந்தபோது அதன் பின்னணியில் உழைத்தவர்களில் ஹாஸ்கெலை வடிவமைத்தவர்களுள் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்சும் இருந்தார்.

ஊரின் நாட்காட்டியைப் பாராமல் திகதி குறித்தல்

வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகை இருக்கிறது. நோன்பு மாதத்தில் முழுநாள் நிகழ்வு பொருந்தாது. ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழா நடக்கும்போது மட்டக்களப்பு நகரத்தில் வேறொன்றுக்கும் ஆள் கிடைக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் வெள்ளமும் வீதிகளை மறிக்கக்கூடும். சனி, ஞாயிறுகளில் உயர்தர மாணவர்களுக்குத் தனியார் வகுப்புகள் உண்டு என்பதால், பாடசாலை விடுமுறைக் காலமே பெரும்பாலும் பொருந்துகிறது.

முடியும் நேரமும் அதேயளவு முக்கியமானது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்கு வருபவர் நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்கிறார். மாலை ஐந்து மணிக்கு முடியும் என்று அறிவித்து ஆறரை வரை இழுத்தால், அடுத்த தடவை பெண்பிள்ளைகளை வீட்டிலிருந்து அனுப்பமாட்டார்கள். ஒலுவிலோ கல்முனையோ மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டத்தாருக்கும் நடுவில் இருப்பதையும் யோசியுங்கள்.

சான்றிதழும் டீசேர்ட்டும்

பயிற்சித்தாள் அச்சான பிறகு.

அடுத்த சந்திப்பை அறிவிக்காமல் கலைதல்

ஒரு நாளில் எவரும் புதிய சிந்தனை முறையைப் பற்றிக்கொள்வதில்லை. வீட்டில் தனியே முயலும்போது எழும் ஐயத்தைக் கேட்க உள்ளூரில் ஒருவர் இருக்க வேண்டும். வந்துபோன பேச்சாளரால் அது இயலாது. எனவே மதிய இடைவேளைக்கு முன்பே, அனைவரும் இருக்கும்போதே, அடுத்த சந்திப்பின் திகதி, இடம், அன்று செய்யவிருக்கும் பயிற்சி, பொறுப்பாக இருப்பவரின் பெயர் ஆகியவற்றைப் பலகையில் எழுதிவிடுங்கள். பிற்பகலில் எழுதினால், தூர ஊர்க்காரர்கள் பேருந்துக்குப் புறப்பட்டிருப்பார்கள்.